முதுகுக்கு அடியில் ஒரு கை

அந்த நீச்சல் குளத்துக் கட்டடத்துக்குள் முதல் நாள் காலெடுத்து வைத்ததும் டீச்சருக்குப் பிடிக்காமல் போனது அதன் வாசனை. குளோரின் வாசனை எல்லாக் குளத்திலும் உண்டு. அது அவளுக்குப் பழகியதுதான். இங்கே அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. நனைந்த துணியைப் பையிலேயே மறந்து வைத்துவிட்டு மறுநாள் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வாடை. பழைய கட்டடம். ஜன்னல் கண்ணாடிகள் மங்கிப் போயிருந்தன. கூரையில் ஒரு டியூப் லைட் எரிவதா அணைவதா என்று முடிவு பண்ணாமல் துடித்துக்கொண்டிருந்தது. வேலை கிடைத்ததே பெரிது என்று மூக்கைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

குளத்தைப் பராமரிப்பவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் குளோரின் மாமா. தண்ணீரில் விழுந்த முடி, பிளாஸ்டர் எல்லாவற்றையும் நீளக் கம்பு வலையால் அள்ளிக்கொண்டே அவர் பெருமையடித்தார்.

"இந்தக் குளத்துல ஒரு குழந்தைகூட இதுவரைக்கும் தண்ணி குடிச்சதில்ல டீச்சர்."

தண்ணி குடிக்காமல் நீச்சல் கற்ற பிள்ளை உலகத்தில் உண்டா? மனுஷன் வாய் கூசாமல் புளுகுகிறாரே என்று நினைத்துக்கொண்டாள்.

"எனக்கு முன்னாடி இருந்த டீச்சர் ஏன்ணே போயிட்டாங்க?"

"கல்யாணம் ஆயிடுச்சும்மா."

அடுத்த வாரம் பேச்சுவாக்கில் மறுபடி கேட்டபோது, "வெளியூர்ல நல்ல வேலை கிடைச்சிடுச்சு," என்றார். டீச்சர் அதை மனசில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள்.

சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தருகிற எல்லோரும் ஒரு பொய் சொல்வார்கள். பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, முதுகுக்கு அடியில் கை கொடுத்து, "பிடிச்சிருக்கேன், பயப்படாதே" என்று சொல்லிக்கொண்டே மெதுவாகக் கையை எடுத்துவிடுவார்கள். பிள்ளை அதை நம்பி மிதக்கும். கை இல்லையென்று தெரிந்ததும் அலறும், மூழ்கும், மூக்கில் தண்ணீர் ஏறும். மறுபடி அதே பொய். ஒரு பிள்ளை தானாக மிதப்பதற்குள் டீச்சருக்குத் தொண்டை கட்டிவிடும்.

இங்கே எல்லாப் பிள்ளைகளும் முதல் வகுப்பிலேயே மிதந்தார்கள்.

பெற்றோர்கள் கைதட்டினார்கள். "கைராசிக்காரம்மா!" என்றார் ஒரு தாத்தா. டீச்சருக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிற்று, பொய் சொல்வானேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என்னவோ நெருடியது. மிதக்கிற குழந்தையின் இடுப்பு கொஞ்சமாவது தொய்யும், கால் தாழும். இந்தப் பிள்ளைகள் மேஜைமேல் கிடத்தியதுபோலக் கிடந்தார்கள். முன்பே கற்றுக்கொண்டு நடிக்கிறார்களா? தண்ணீரில் உப்பைக் கிப்பைக் கொட்டியிருக்கிறாரா குளோரின் மாமா? மறுநாள் யாரும் பார்க்காதபோது நாக்கில் தொட்டுப் பார்த்தாள். வெறும் குளோரின்தான்.

அதே வாரம் தன் மகளையும் அழைத்து வந்தாள். வீட்டில் அவளுக்குப் பூனை என்று பெயர். தலைக்குக் குளிக்கவைத்தாலே அலறித் தெருவைக் கூட்டுவாள். "ஊருக்கெல்லாம் நீச்சல் சொல்லித் தர்றே, நம்ம வீட்டுல ஒண்ணு பக்கெட்டைக் கண்டாலே ஓடுது," என்று வீட்டுக்காரர் கேலி பண்ணாத நாளில்லை. அந்தப் பூனை, அம்மாவின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கியவள், டீச்சர் கையை எடுத்ததும் கண்ணை மூடி அப்படியே மிதந்தாள். டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கு அவள் எதையும் சந்தேகப்படவில்லை.

சந்தேகத்தைத் திரும்பக் கொண்டுவந்தது சுருட்டைமுடிச் சிறுமி ஒருத்தி. மிதந்தபடியே கேட்டாள்.

"மிஸ், உங்க கை ஏன் எப்பவும் இவ்ளோ ஜில்லுனு இருக்கு?"

டீச்சர் அப்போது வேறொரு பிள்ளைக்கு நீச்சல் கண்ணாடி மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு கையாலும்.

உடனே தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள். வெள்ளை டைல்ஸ், பிள்ளைகளின் கால்கள், குமிழிகள். வேறு ஒன்றுமில்லை. சுருட்டைமுடிக்காரி மட்டும் இடுப்பு தொய்யாமல், கால் தாழாமல், மேலே படுத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் குடும்பத்தோடு நாத்தனார் வீட்டுக்குப் போனாள். அவர்கள் குடியிருப்பில் சின்னதாக ஒரு குளம் உண்டு. பெரியவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் பூனை ஓடினாள். படியில் இறங்கி, கையை விரித்து, கட்டிலில் சாய்வதுபோலத் தண்ணீரில் சாய்ந்தாள்.

கல் மாதிரி உள்ளே போனாள்.

உதைக்கவில்லை. கையை அடிக்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு, சிரித்த முகமாக, அடியில் எதற்கோ காத்திருப்பதுபோலக் கிடந்தாள். டீச்சர் புடவையோடு பாய்ந்து தூக்கினாள். இருமி, வாந்தியெடுத்து, மூச்சு திரும்பியதும் பிள்ளை கோபமாகக் கேட்டாள்.

"இங்க ஏம்மா கை வரல?"

டீச்சருக்கு அப்போதுதான் புரிந்தது. பிள்ளைக்கு நீச்சல் வரவில்லை. அதுவரை அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்த பயமும் போய்விட்டது. இனி எந்தத் தண்ணீரைக் கண்டாலும் இவள் இப்படித்தான் சிரித்துக்கொண்டே சாய்வாள். கூடவே கற்ற மற்ற பிள்ளைகளும் அப்படித்தான்.

மறுநாள் காலை பம்ப் அறைக்கே போய் நின்றாள்.

"கல்யாணம்னீங்க, வெளியூர்னீங்க. இப்ப மூணாவதா என்ன கதை வச்சிருக்கீங்கண்ணே?"

குளோரின் மாமா வால்வைத் திருகுவதை நிறுத்தினார்.

"எல்லாரும் சொல்ற பொய்யைத்தாம்மா அவங்களும் சொன்னாங்க. பிடிச்சிருக்கேன்னு சொல்லிட்டுக் கையை எடுத்தாங்க. குழந்தை முங்கிடுச்சு. பதறிக் குதிச்சதுல படியில மண்டை அடிபட்டு, அவங்களும் உள்ள போயிட்டாங்க."

"குழந்தை?"

"குழந்தைக்கு ஒண்ணுமில்ல. தண்ணிக்கு மேல இருந்துச்சு." அவர் தன் உள்ளங்கையைத் தட்டுபோல விரித்துக் காட்டினார். "அடியில இருந்து இப்படித் தூக்கிப் பிடிச்சிருந்தாங்க. உசுரு போனதுக்கப்புறமும். அந்தக் கையைப் பிரிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நல்லதுதானே பண்றாங்கன்னு விட்டுட்டேன்."

"நல்லதா? நேத்து என் பொண்ணு செத்திருப்பாண்ணே!"

அன்றைக்கு வகுப்பை ரத்து செய்தாள். ஆளில்லாத குளத்தில் தனியாக இறங்கி, மல்லாக்கப் படுத்தாள். காது தண்ணீருக்குள் போனதும் உலகம் அடங்கிற்று. டியூப் லைட் துடிப்பது மட்டும் தெரிந்தது.

காத்திருந்தாள்.

முதலில் அந்த வாடை வந்தது.

பிறகு தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு கை.

மெதுவான, பொறுப்பான, பழகின கை. விரல்களை எப்படி விரிக்க வேண்டும், எங்கே தாங்க வேண்டும் என்று தெரிந்த கை. அவள் தானும் அப்படித்தான் பிடிப்பாள். உறைந்துபோன அந்த நேரத்திலும் அவளுக்குப் பரிதாபமாக இருந்தது.

"போதும்," என்றாள். பல் கிட்டித்தது. "நீங்க பிடிச்சா அதுங்க கத்துக்காது. தண்ணியில இனிமே என் பொண்ணைத் தொடாதீங்க. எந்தப் பிள்ளையையும் தொடாதீங்க. கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

கை அசையவில்லை.

பிறகு ஒவ்வொரு விரலாக விலகியது.

அடுத்த வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் மூழ்கினார்கள். ஒரே ஓலம். "என்னம்மா, உங்க கைராசி எங்க போச்சு?" என்று அந்தத் தாத்தா குத்தினார். டீச்சர் அடுத்த பிள்ளையைத் தண்ணீரில் படுக்கவைத்தாள். பழைய பொய்யையும் விட்டுவிட்டாள். "இப்ப கையை எடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டே எடுத்தாள். அழுதார்கள், தண்ணீர் குடித்தார்கள், திட்டினார்கள். பூனை பழையபடி தெருவைக் கூட்டினாள். மழைக்காலம் வந்து போயிற்று.

ஒரு சனிக்கிழமை மதியம் பூனை மிதந்தாள். இடுப்பு தொய்ந்தது, கால் தாழ்ந்தது, அவளே உதைத்துச் சரிசெய்துகொண்டாள். டீச்சர் இரண்டு கையையும் தண்ணீருக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

"அம்மா, இப்ப யாருமே பிடிக்கல! நானேதான்!"

குளத்தில் வாடையும் இல்லை. டீச்சர் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டாள். வெறும் குளோரின்.

வீட்டுக்குப் போகும்போது பூனை காரின் பின்சீட்டில் படுத்துத் தூங்கிப்போனாள். டீச்சர்தான் துவட்டி, உலர்ந்த சட்டை மாட்டி விட்டிருந்தாள். நல்ல வெயில். வண்டியை நிறுத்திவிட்டுப் பின்கதவைத் திறந்தாள் டீச்சர்.

நனைந்த துணியைப் பையில் மறந்துவிட்டோமோ என்று நினைத்தாள். பை டிக்கியில் இருந்தது.

பிள்ளையின் முதுகு சீட்டில் படியவே இல்லை. கொஞ்சம் மேலே இருந்தது.

தண்ணியில தொடாதீங்க என்று மட்டும்தானே சொன்னோம்?

அவளைத் தூக்க, முதுகுக்கு அடியில் கையை நுழைத்தாள்.

அங்கே ஏற்கனவே ஒரு கை இருந்தது.