314-இன் கடைசி இருமல்

காலை ஆறே முக்கால்.

போன் அலறியது!

வெர்னா கோஸ்டல்னிக் வாயில் முட்டையோடு எடுத்தாள்.

"பாஸ்... கொன்னுட்டாங்க பாஸ்!" டெல்பர்ட்டின் குரல் விம்மியது.

"யாரை?"

"நம்ம 314-ஐ! ஷெட்டுக்கு வெளியில செத்துக் கெடக்குது. கீழ ஒரே ரத்தம்!"

"என்ன கலர்?"

"பச்சை!"

வெர்னா போனை வைத்தாள். மிச்ச முட்டையைச் சாப்பிட்டாள். இன்னொன்றும் பொரித்துச் சாப்பிட்டாள். துப்பினால் எச்சில் கல்லாக விழும் குளிரில், வெறும் வயிற்றோடு துக்கம் கேட்கப் போகக்கூடாது என்பது அவள் கொள்கை.

314 ஒரு டீசல் இன்ஜின். பிறந்தது 1966-இல்.

பெரிய கம்பெனிகள் கழித்துக்கட்டிய கிழட்டு இன்ஜின்களை வாங்கி, ஒன்றைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டி, வடக்கு பென்சில்வேனியா மலைகளில் ஓட்டிக்கொண்டிருந்தது ஃபாக்ஸ் ஹாலோ ரயில்வே. கழற்றுவதும் மாட்டுவதும் வெர்னாவின் ஷெட்.

இன்று பத்து மணிக்குள் 314, நாற்பது வேகன் மாட்டுத் தீவனத்தை மேட்டில் இழுத்துக் காட்ட வேண்டும். இழுக்காவிட்டால் முதலாளி மிஸஸ் எக்கர்ட் வாடகைக்குப் புது இன்ஜின் எடுக்கக் கையெழுத்துப் போடுவார். ஷெட்டுக்குப் பூட்டு. பதினோரு பேர் வீட்டுக்கு!

அவள் போய்ச் சேர்ந்தபோது போலீஸ் டெபுடி யோஸ்ட் இன்ஜினைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். பாதியில் டேப் தீர்ந்துவிட்டது.

"வா வெர்னா. ஸ்கூல்ல உன் சைக்கிள் தொலைஞ்சப்போகூட நீ இப்படி அமைதியா இல்லையே?"

"அதை எடுத்தவன் நீதானேடா! அழாம என்ன செய்ய?"

பக்கத்தில் விலையுயர்ந்த கோட்டு ஒன்று செருமியது. உள்ளே வில்லெட் இருந்தார். கிழடுகளைக் காயலான் கடைக்கு அனுப்புங்கள் என்று ஆறு மாதமாக ஓதும் ஆலோசகர்.

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம்... கிழட்டு உடம்பு. இன்னிக்கோ நாளைக்கோன்னு இருந்தது. போயிடுச்சு!"

"எப்போ போச்சு?"

"விடியக்காலை அஞ்சரைக்கு. அந்தப் பக்கமா கார்ல போனேன். ஓடிக்கிட்டுதான் இருந்தது. திடீர்னு ரெண்டு தடவை இருமிச்சு... நின்னுடுச்சு!"

"ரெண்டு தடவையா?"

"ரெண்டு."

"எழுதிக்கோ யோஸ்ட். ரெண்டு இருமல்."

யோஸ்ட் எழுதிக்கொண்டான்.

வெர்னா குனிந்தாள். தண்டவாளத்துக்கு நடுவே பச்சைக் குளம். விரலால் தொட்டாள்.

"இது என்ன ஸார்?"

"கூலன்ட்! இன்ஜின் சூட்டைத் தணிக்கிற தண்ணி. உள்ள வெடிச்சு ஒழுகியிருக்கு. சின்னப் பையன்கூடச் சொல்லுவான்."

"உங்க கார்ல பச்சையா ஊத்துவீங்க. பனியில உறையாது. எங்க கிழடுங்களுக்கு வெறும் தண்ணிதான். துருவுக்கு ஒரு மருந்து கலப்போம், ரோஸ் கலர். உறைஞ்சா வெடிச்சிடும்னுதான் குளிர்காலம் பூரா அணைக்காமலே வெச்சிருக்கோம்."

வில்லெட்டின் முகம் காகிதமாக வெளுத்தது!

"அ... அப்போ யாரோ வெளியாள் வந்து நாசம் பண்ணியிருக்கான்! ஆனா ஓடிக்கிட்டிருந்தது நிஜம். இந்தக் காதால கேட்டேன்!"

"சத்தியமா?"

"சத்தியமா!"

"டெல்பர்ட்... கதவைத் திற."

டெல்பர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்ஜினின் பக்கவாட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தான்.

யோஸ்ட் டார்ச் அடித்தான்.

உள்ளே இன்ஜின் இல்லை!

மூன்று நாற்காலி. ஒரு மேஜை. மேஜைமேல் பாதியில் நின்ற சீட்டாட்டம்.

"இது 309. உதிரிக்காக வாங்கினது," என்றாள் வெர்னா. "இதோட வயித்துல இருந்ததையெல்லாம் எடுத்து மத்ததுக்கு மாட்டி மூணு வருஷமாச்சு. போன மாசம் எவனோ 314 டேங்குல மணலைப் போட்டான். அன்னிக்கே நம்பர் பலகையை மாத்தி மாட்டிட்டேன்."

"மிஸஸ் எக்கர்ட் கிட்ட சொல்றேன்! இது மோசடி!" வில்லெட் கத்தினார்.

அப்போது மலைமேலிருந்து வந்தது அந்தச் சத்தம்.

பாஆஆம்... பாஆஆம்... பாம்... பாஆஆஆம்!

வெர்னா வாட்சைப் பார்த்தாள்.

"மேடு ஏறியாச்சு. நாப்பது வேகனோட! போய்ச் சொல்லுங்க ஸார். எக்கர்ட் அம்மா 314-லதான் உக்காந்திருக்காங்க. அந்த ஹார்ன் அவங்க அடிச்சதுதான். சின்ன வயசு ஆசையாம்."

யோஸ்ட் வில்லெட்டின் காருக்குள் எட்டிப் பார்த்தான். பின்சீட்டில் நாலு காலி கேன். கேன்களின் வாயோரம் பச்சை. பக்கத்தில் மணல் ஒட்டிய ஒரு புனல்.

விலங்கு மாட்டினான்.

"பாஸ், இவர் பக்கத்துல நின்னு கேட்கிறப்போ நான் போன்ல அழுதது எப்படி?" டெல்பர்ட் ஆவலாகக் கேட்டான்.

"ரொம்ப ஓவர். முட்டையே இறங்கலை."

யோஸ்ட் பேனாவைக் கடித்தான்.

"வெர்னா... மணலுக்குக் கேஸ் இருக்கு. இதுக்கு என்னன்னு எழுதறது? மூணு வருஷம் முன்னாடி செத்ததை இன்னிக்குக் கொன்னாருன்னா?"

வெர்னா கையுறையை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் நடந்தாள்.

"அதையே எழுது! அப்படியே இவரைக் காது டாக்டர்கிட்டயும் காட்டிடு. சீட்டாட்ட மேஜை ரெண்டு தடவை இருமியிருக்கு, பாவம்!"