படகுத்துறையில் வெள்ளைக்கொடி

போன் அடித்தது.

கஜலட்சுமி அப்போதுதான் வத்தேகம பஸ்ஸிலிருந்து இறங்கியிருந்தாள். படகுத்துறைச் சங்கத்தின் செயலாளர். முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்த முதுகு வலித்தது.

"அக்கா, நான் ரமேஸ். தலைவரக் காணோம்."

"வீரசிங்கம் அண்ணனா?"

"வெள்ளன துறைக்குப் போனவரு. செருப்பு மட்டும் கெடக்கு. தேடிக்கிட்டிருக்கோம், வெரசா வாங்க."

இன்றைக்கா காணாமல் போக வேண்டும்?

எட்டு மணிக்குக் கூட்டம். நீர்த்தேக்கத்தின் ஓரம் புதர் மண்டிக் கிடந்த துறை அது. நாற்பத்தொரு குடும்பம் மண் சுமந்து எழுப்பியது. ஆறு படகு, ஒரு சாப்பாட்டுக் கடை. கொழும்புக்குப் போன பிள்ளைகள்கூடத் திரும்பி வந்தார்கள். இப்போது ஒரு ஹோட்டல் கம்பெனி விலைக்குக் கேட்கிறது. ஓட்டெடுப்பில் வீட்டுக்கு ஒரு கை. விற்க இருபது, வேண்டாமென்று இருபத்தொன்று.

வீரசிங்கம் இல்லாவிட்டால் சரிக்குச் சரி. அப்புறம் உபதலைவர் ரமேஸ் சொன்னதுதான் முடிவு.

நடந்தாள்.

கம்பத்துக்குக் கம்பம் வெள்ளைக்கொடி...

எழவுக்குக் கட்டும் கொடி. அதற்குள் பிணமாகக் கிடைத்துவிட்டாரா? நடையை எட்டிப் போட்டாள்.

துறையில் எல்லோரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரமேஸ் ஓடி வந்தான்.

"கண்டிக்குக் கிண்டிக்குப் போயிருப்பாருக்கா. கூட்டத்த நடத்திருவோம். கம்பெனிக்காரங்க வந்துட்டாங்க."

கஜலட்சுமி ஒரு பீப்பாய்மேல் உட்கார்ந்தாள்.

"யாரு செத்தது தம்பி?"

"யாரும் சாகல. காணோம்னுதானே..."

"அப்ப ரோட்டுல கொடி யாருக்கு?"

ரமேஸ் மேட்டு ரோட்டைப் பார்த்தான்.

இந்தப் பக்கம் எந்த எழவு விழுந்தாலும் கொடி கட்டுவது அவன்தான். பன்னிரண்டு வருஷமாக. கொடிகள் இருப்பது அவன் வீட்டு அலுமாரியில்.

"பழக்கம்... கை தானா கட்டிருச்சுக்கா."

"அவரத் தண்ணியில தள்ளிவிட்ட அதே கையா?"

அவன் தலை குனிந்தான்.

"மனேஜர் வேல தர்றேன்னாங்க..."

"நாப்பத்தொரு மொதலாளியில நீயும் ஒருத்தன். மனேஜர் வேலைக்கா இத செஞ்ச?"

நாலு பேர் அவனைப் பிடித்தார்கள்.

சாப்பாட்டுக் கடையின் பின்கதவு திறந்தது.

இடுப்பில் ஈரச் சாரத்தோடு வீரசிங்கம்! கையில் பிளேன்டீ.

"பின்னாலேருந்து தள்ளுனது யாருன்னு தெரியல. அதான் நீந்திக் கரையேறி ஒளிஞ்சிருந்து பாத்தேன்."

கஜலட்சுமி அவரையே பார்த்தாள். அழக்கூட அலுப்பாக இருந்தது.

"கொடியெல்லாம் அவுக்கச் சொல்லவாண்ணே?"

"மொதல்ல ஒண்ணக் கொண்டாங்க, தல துவட்டணும். எனக்குன்னு கட்டுனதுதானே."