நானூற்றுப் பதினேழு

செங்கமலம் தலையில் கூடையோடு குவார்ட்டர்ஸ் கேட்டைத் திறந்தபோது சாப்பாட்டு வேளை தாண்டியிருந்தது. ஐப்பசி மழைக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கூடையில் மேலாக முருங்கைக்கீரை. கீரைக்குக் கீழே, கிழிந்த புடவைத் துணியில் சுற்றி, கனமாக ஒன்று.

அவள் வருவாள் என்று கொளஞ்சியப்பனுக்கு முந்தின நாளே தெரியும்.

போலீஸில் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்துவிட்டு, நெய்வேலி வந்து சுரங்கத்துப் பட்டறையில் பிட்டராகச் சேர்ந்தவர் அவர். தை பிறந்தால் ஓய்வு. மகன் குழந்தைவேல் இன்னும் கான்ட்ராக்டில்தான் இருந்தான். அவனுக்குப் பெர்மனன்ட் ஆகாவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அது ராஜேந்திரனுக்கும் தெரியும். சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்ட ஊரில் வீடுகளை இடிக்கும் கான்ட்ராக்டர். அந்த ஊர் பழைய முன்சீப்பின் மகன். தன் அப்பா கட்டிய வீட்டையே அவன் ஆள் வைத்து இடித்தபோதுதான் சுவருக்குள்ளிருந்து ஒரு ரிவால்வர் விழுந்தது. கல் சுமந்துகொண்டிருந்த செங்கமலம் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"உங்ககிட்டதான் கொண்டாரும், பாருங்க. இந்த வெவரம் தெரிஞ்சவரு இங்க நீங்க ஒருத்தர்தான்," என்று ராஜேந்திரன் முந்தின நாள் வந்து சொன்னான். "போலீசு துப்பாக்கி இல்லன்னு சொல்லிடுங்க. அப்பா ஏதோ வெளையாட்டா ஒளிச்சி வச்சாரு. அந்தத் தலையாரி ஸ்டேஷன்ல செத்துட்டதும் வெளிய எடுக்க முடியாம போச்சு."

கேட் வரை போனவன் திரும்பினான்.

"நம்ம குழந்தைவேலுக்குப் பெர்மனன்ட் வெசயமா ஆபீசுல சொல்லிகினுதான் இருக்கேன்."

இவ்வளவுதான் பேச்சு. மிரட்டவில்லை, கெஞ்சவில்லை. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற சாமர்த்தியம் அந்தக் குடும்பத்துக்கு எப்போதுமே உண்டு.

செங்கமலம் துணியைப் பிரித்துத் தரையில் வைத்தாள். சுண்ணாம்பும் துருவும் அப்பிக் கிடந்தது. கொளஞ்சியப்பன் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி, தேங்காய் நாரால் தேய்க்க ஆரம்பித்தார். எந்தத் துப்பாக்கி கைக்கு வந்தாலும் முதலில் திறந்து பார்க்க வேண்டும் என்பது பழைய பாடம். நடுவில் மடக்கித் திறந்தார். ஆறு அறையும் காலி.

"எந்தக் காலத்துதுங்க இது? என்ன பெறும்?" என்று கேட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்ததும், "விக்கறதுக்குக் கேக்கலங்க," என்றாள்.

அவள் புருஷன் பாவாடை அந்த ஊர்த் தலையாரி. இருபது வருஷத்துக்கும் முன்னால், ஊருக்கு வந்த போலீஸ் அதிகாரி ஒருவர் முன்சீப் வீட்டில் இரவு தங்கினார். விடிந்தபோது இடுப்பு உறையில் ரிவால்வர் இல்லை. வாசலில் காவல் இருந்தவன் பாவாடை.

"தடியில பூண் போட்டிருப்பாருங்க. ஊரச் சுத்தி வரச்சொல்ல மூணு தட்டு தட்டிட்டு நிப்பாரு. அப்புறம் ஒரு தட்டு. அந்தச் சத்தம் கேட்டாத்தான் புள்ளைங்க தூங்கும்," என்றாள் செங்கமலம். "ஸ்டேஷன்ல வச்சி அடிச்சாங்க. நான் வெளிய ஒக்காந்துகினு இருந்தேன். நானூத்திப் பதினேழு எங்கடா, நானூத்திப் பதினேழு எங்கடான்னு ஒரே கேள்விதான். எடுத்திருந்தாத்தான சொல்றதுக்கு. பொணமாத்தான் வூட்டுக்கு அனுப்புனாங்க."

அவர் நாரை நிறுத்தவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாது. அந்த நம்பரு மட்டும் காதால கேட்டுத் தெரியும். எம்புள்ளைங்களுக்குத் துப்பாக்கித் திருடன் புள்ளைன்னுதாங்க இன்னிக்கும் பேரு. இது அதுதான்னு நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா ஊரு கேக்கும்."

துப்பாக்கியின் உடலில் கிரீட முத்திரை தெரிந்தது. வெள்ளைக்காரன் காலத்து வெப்ளி கம்பெனி ரிவால்வர். யுத்தத்துக்குச் சற்று முன்னால் வந்த வார்ப்பு. கைப்பிடிக்கு அடியில் கயிறு மாட்டும் வளையம். அதன் பக்கத்தில், போலீஸ் கிடங்கில் குத்தும் எண். துரு கரையக் கரைய எழுத்து மேலே வந்தது.

முதலில் 4. பிறகு 1.

கடைசியாக வந்தது 7.

விலைக்கு என்ன, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தருகிறவன்கூட வாங்கத் தயங்குவான். ஆனால் செங்கமலத்துக்கு அதன் மதிப்பு வேறு. அது கொளஞ்சியப்பனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் வாயைத் திறந்தார்.

"இது போலீசு துப்பாக்கி இல்லம்மா. யாரோ ஜமீன்தாரு வேட்டைக்கு வச்சிருந்தது. நம்பரு அறுநூத்தி எண்பது."

அவள் அதைக் கையில் வாங்கி, அந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தாள். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக.

"நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும். போலீசுல இருந்தவரு," என்றாள். "இத நான் வச்சிக்கக் கூடாதுங்களா?"

"கூடாது. என்கிட்ட குடுத்துட்டுப் போ. நான் ஒப்படைச்சிடறேன்."

கூடையை எடுத்தவள் கீரைக்கட்டை வாசல்படியில் வைத்தாள். "உங்களுக்குத்தாங்க கொண்டாந்தேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கீரையை அவரால் பார்க்கவே முடியவில்லை. வெட்கமாக இருந்தது. இத்தனை வயசில், ஏமாந்தவள் கையால் கீரை.

மழை பிடித்துக்கொண்டது. துப்பாக்கியை வைஸில் கவ்விப் பிடித்து, அரத்தால் எண்ணை ராவினார். இரும்புத்தூள் உதிர்ந்தது. நாலு போனது. ஒன்று போனது.

டொக்.

அரம் நின்றது.

டொக். டொக்.

பக்கத்து பிளாக்கில் யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைப்பதுதான் வசதியாக இருந்தது.

டொக்.

ஜன்னல் வழியே பார்த்தார். தெருவில் ஆளே இல்லை. ஈரக் காக்கித் துணியின் வாடையும் பீடி வாடையும் மட்டும் உள்ளே வந்தன. ஏழையும் ராவி முடித்து, விரல் வைத்துத் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. அதே துணியில் சுற்றி வைத்தார்.

காலையில் துணியைப் பிரித்தால், 417.

நேற்றுத்தான் குத்தியதுபோல் பளிச்சென்று இருந்தது.

மறுபடி ராவ அவருக்குக் கை வரவில்லை. அப்படியே சுருட்டி ராஜேந்திரனிடம் கொடுத்துவிட்டார். சுரங்கத்தின் மேல்மண்ணைக் கொட்டுகிற இடத்தில் அதைப் போட்டதாக அவன் பிற்பாடு சொன்னான். இரவு பகலாக மண் கொட்டி மலையாகிவிட்ட இடம் அது. இனி எந்த ராஜா வந்தாலும் தோண்டி எடுக்க முடியாது.

ராஜேந்திரன் வாக்குத் தவறவில்லை. கார்த்திகை முடிவதற்குள் குழந்தைவேலுக்குப் பெர்மனன்ட் ஆர்டர் வந்தது.

பெர்மனன்ட் ஆனபின் முதல் ஷிப்ட் முடித்துவிட்டுச் சாயங்காலம் நனைந்துகொண்டே வந்தான் மகன். சட்டைப் பையில் பித்தளை டோக்கன். சுரங்கத்தில் இறங்கும்போது பலகையிலிருந்து அதை எடுத்துக்கொள்வார்கள். ஏறி வந்ததும் திரும்ப மாட்டிவிட வேண்டும். மாட்டவில்லை என்றால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். நம்பரைச் சொல்லித் தேடுவார்கள்.

"உன்கிட்ட காட்டணும்னு மாட்டாமயே எடுத்துகினு வந்துட்டேம்பா," என்று சிரித்தபடி அப்பாவின் கையில் வைத்தான்.

கொளஞ்சியப்பன் அதைத் திருப்பிப் பார்த்தார்.

417.

நாளைக்கே செங்கமலத்திடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொன்னால் ஊர் நம்பாது. துப்பாக்கி எங்கே என்று கேட்கும். பாவாடையைப் போலவே அவரிடமும் அதற்குப் பதில் இருக்காது.

டொக். டொக். டொக்.

வாசலுக்கு மிக அருகில் கேட்டது.

டொக்.

"நானூத்திப் பதினேழு எங்கடா?" என்றது ஒரு குரல். அடிபட்டு உடைந்த குரல்.

"பாத்தியா, தேடிகினு வந்துட்டாங்க," என்று மகன் எழுந்தான். போகாதே என்று சொல்ல வாயெடுத்தார் கொளஞ்சியப்பன். அதற்குள் அவன் கதவருகே போய்விட்டான்.

"இங்க இருக்கேங்க," என்று சொல்லிக்கொண்டே குழந்தைவேல் கதவைத் திறந்தான்.

யாரும் இல்லை. ஈர மண்ணில் தடி ஊன்றிய வட்டத் தடங்கள் கேட்டிலிருந்து படிவரை வந்திருந்தன. திரும்பிப் போன தடம் ஒன்றும் இல்லை.

"யாரையும் காணமேப்பா," என்று மகன் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, தலையைத் துவட்ட ஆரம்பித்தான். இடது கை நாற்காலியின் கைமேல் சும்மா கிடந்தது.

அந்தக் கையின் விரல் மரத்தைத் தட்டியது. மூன்று தட்டு தட்டிவிட்டு நின்றது. பிறகு ஒரு தட்டு.