அம்மன் பாதத்தில் ஒரு விரல்

அச்சக முதலாளி அப்துல் ரஸாக் நனைந்த குடையை இரத்தினசபாபதி வீட்டு வாசலில் சாய்த்துவிட்டு, கொண்டுவந்த கலண்டரை மேசையில் விரித்தார். மாரியம்மன் படம். பாதத்தருகே பெருவிரல் அளவில் ஒரு கறுப்புக் கறை.

"அடிச்ச அத்தனையிலும் இது ஈக்கிது. பலாங்கொடைத் தோட்டத்துக் கோயில்காரங்க வாங்க மாட்டோம் என்டுட்டாங்க. அம்மன் மேல அழுக்குக் கை வச்சது யாரு என்டு கேக்கிறாங்க."

இரத்தினசபாபதி இரத்தினபுரி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாரென்று உங்களுக்குத் தெரியாதோ?"

"கோகிலாதான். அச்சுக்குப் பிளேட் செய்ற புள்ள. சாமிப் படம் என்டா பிளேட்டைத் தொட்டுக் கண்ணில ஒத்தாம வெளிய குடுக்க மாட்டாள். நானே கண்டிருக்கன். தலைக்கு எண்ணெய் வச்ச கை. இன்டைக்கே தோட்டத்துக்குத் திருப்பி அனுப்பியிருப்பன். நான் இல்லை என்டு அழுதுட்டு நிக்கிறாள். மனசு கேக்கல்ல."

ஆரூரன் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டான். வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தராக இருந்தவன், மாலையானால் இங்கேதான். இப்படிப் புதிர் வரும் ஒவ்வொரு முறையும் பதில் அவன் நாக்கு நுனியில் இருக்கும்போது பெரியவர் அதைச் சொல்லிவிடுவார். ஊரோ பெரியவர் பேரை மட்டும் சொல்லும். இந்த முறை விடுவதில்லை என்று மைப் பெட்டியொன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அச்சகத்தில் எல்லோருடைய பெருவிரலையும் காகிதத்தில் உருட்டி எடுத்தான். கறையோடு ஒப்பிட்டான்.

"ரேகை தெரிகிறதோ?" என்றார் இரத்தினசபாபதி.

"இல்லை ஐயா. இழுபட்டிருக்கு."

"அப்ப கையைக் கழுவச் சொல்லும்."

மெசின் ஓட்டுகிற சதீஸ் சிரித்தான். அச்சகம் தொடங்கிய நாள் முதல் அங்கே இருப்பவன்.

"கறையை நீர் காணவில்லையா?" என்றார் பெரியவர்.

"பாதத்துல வச்ச பூன்னு நெனச்சேங்க. நமக்கு என்னாங்க தெரியும்? கோகிலா, முதலாளி அனுப்பிக் கொழும்புல பிளேட் வேலை படிச்சவங்க. அவங்களுக்குக் காத்தாடி போட்ட ரூமு, நமக்கு கிரீஸு."

கோகிலாவின் அறையில் மஞ்சள் பல்பு எரிந்தது. வெளிச்சம் பட்டால் புதுப் பிளேட் கெட்டுவிடும் என்று கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். உள்ளே போனதும் பெரியவர் அதைச் சாத்தினார். முடிந்த அலுமினியத் தகடுகள் அலமாரித் தட்டில் நின்றன.

"இதில் பளபளப்பாக என்ன பிள்ளை?"

"கம்முங்க ஐயா, கோந்து மாதிரி. கடைசியா மெல்லிசாப் பூசிக் காய விடுவோம், காத்துப் பட்டுக் கெடாம இருக்க. மெசின்ல மாட்டுனதும் சதீஸ் அண்ணன் தண்ணியில கழுவிடுவாரு."

"நீ எப்போது தொட்டுக் கும்பிடுவாய்?"

"கம் காஞ்ச பொறகுதாங்க. சத்தியமா."

அவர் வெளியே வந்து சதீஸிடம் சொன்னார்: "தட்டிலிருந்து ஒரு பழைய பிளேட் எடுத்து வாரும். பிள்ளை அன்றைக்குப் போலத் தொட்டுக் காட்டட்டும். பிறகு மை தடவிப் பார்ப்போம்."

சதீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் வந்தான். கோகிலா எண்ணெய்க் கையால் தொட்டாள். அவன் ஈரப் பஞ்சால் துடைத்து மை உருளையை ஓட்டினான். அவள் தொட்ட இடத்தில் கறுப்பாக விரல் எழுந்தது.

கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா?" என்றார் ரஸாக். குரலில் சந்தோசமில்லை.

நான் நினைத்ததுதான் என்று சொல்ல ஆரூரன் வாயெடுத்தான்.

"நீர் கொண்டுவந்தபோதே பிளேட்டின் மூலை ஏன் ஈரமாக இருந்தது, சதீஸ்?" என்று பெரியவர் முந்திக்கொண்டார்.

இரத்தினசபாபதி உள்ளே போய் இன்னொரு பிளேட்டைத் தானே எடுத்து வந்தார். கோகிலா தொட்டாள். இம்முறை அதன் பிறகுதான் கழுவினார்கள். மை ஓடியது. படம் வந்தது. விரல் வரவில்லை.

"கம் பூசியிருந்தால் எண்ணெய் தகட்டில் ஒட்டாது. கழுவும்போது கம்மோடு போய்விடும். வெறும் தகட்டில் பட்டால்தான் மையைப் பிடிக்கும். அன்றைக்குத் தகடு வெறுமையானது மெசினில் ஏற்றிக் கழுவிய பிறகுதான். அங்கே நிற்பது நீர் ஒருவர்தான், சதீஸ். தொட்டுக் காட்டத்தான் பிளேட் கேட்டேன், கழுவச் சொல்லவில்லை. கழுவாவிட்டால் விரல் விழாது என்று உமக்குத் தெரிந்திருக்கிறது."

ரஸாக் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு இது தெரியாதே. நான் ஈய எழுத்துக் கோத்துப் பழகினவன். பழைய துத்தநாகப் புளொக்கை மிதிச்சாலும் ஒன்டும் ஆகாது."

"உங்களுக்குத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும்."

சதீஸ் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பெரியவர் திறந்துவிட்ட கதவு வழியே கோகிலாவின் அறையில் சுற்றும் காத்தாடியைப் பார்த்தான்.

"கொழும்புக்குப் படிக்கப் போக மொதல்ல நான்தானே கேட்டேன், முதலாளி."

ரஸாக் கறைபட்ட கலண்டரைச் சுருட்டினார். பிறகு, "கலண்டரைத் திரும்ப அடி. மத்தது பொறகு," என்றார். ஊரில் அந்த மெசினை ஓட்ட வேறு ஆள் இல்லை.

கோகிலா புதுப் பிளேட் செய்தாள். கம் பூசிக் காயவிட்டாள். பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதை சதீஸ் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தாள். "நீங்க ஓட்டுங்கண்ணே. நான் நின்னு பாக்குறேன்."

திரும்பும் வழியில் ஆரூரன் கேட்டான்: "அவன் கழுவிக்கொண்டுதான் வருவான் என்று எப்படித் தெரியும் ஐயா?"

"தெரியாது. கழுவாமல் கொண்டுவந்திருந்தால் பிள்ளை தப்பியிருப்பாள். செய்தவனை நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்."

பெரியவரும் ஒருமுறை தோற்று, அப்படியே நடந்திருக்கலாம் என்று ஒரு கணம் ஆரூரனுக்குத் தோன்றியது. ஆசையாகவே தோன்றியது. அவன் பெருவிரலில் மை இன்னும் போகவில்லை. கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தான்.