டிஸ்க்கில் ஏறாத பெயர்

கரண்ட் திரும்பி வந்தபோது கண்டெய்னர் யார்டு ஆபீசின் கம்ப்யூட்டர் திரை அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தது. பூச்சி மருந்தடிக்கும் வரிசையில் நின்ற எல்லாக் கண்டெய்னருக்கும் நேரே 'காலி' என்று பச்சை எழுத்து. மகிமா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். வெளியே எண்ணூர் சாலையில் மாலை மழைக்குள் லாரிகள் உறுமிக்கொண்டு நின்றன. மணலி ஆலைகள் பக்கமிருந்து வந்த அழுகிய முட்டை வாடை ஜன்னல் இடுக்கில் நுழைந்து, ஏசி நின்ற அறையின் புழுக்கத்தோடு கலந்து நாக்கில் கசந்தது.

கரண்ட் போவதற்குச் சற்று முன்புதான் கிருஷ்ணப்பன் பெருக்குவதற்காக ஒரு கண்டெய்னர் பெட்டிக்குள் போயிருந்தார். யார்டு வாசலில் இருந்த டேப்லெட்டில் வழக்கம்போலத் தன் பெயரைத் தட்டிவிட்டுத்தான் போனார். 'உள்ளே ஆள்' என்று சிவப்பு விழுந்ததையும், 'சேமிக்கப்பட்டது' என்று கீழே வந்ததையும் அவள் இங்கே தன் திரையில் பார்த்தாள். எந்தப் பெட்டி என்று மட்டும் பார்க்கவில்லை. அதற்குத்தானே சர்வர்.

அவர் நம்பருக்கு அடித்தாள். அவளுடைய மேசை ஓரத்திலேயே, சார்ஜரில் கிடந்த அவர் போன் ஒளிர்ந்தது.

சர்வர் செட்டிங்கைத் திறந்தாள்.

தீபாவளிச் சரக்கு நேரத்தில் ஆபீஸ் சீனியர் எபினேசர் சொன்னது நினைவில் இருந்தது. "ஒவ்வொண்ணும் டிஸ்க்குல எழுதினப்புறம்தான் ஓகே சொல்லணும்னா லாரியெல்லாம் நின்னுகினே இருக்கும் தங்கச்சி. மெமரில வச்சிகினு ஓகே சொல்லட்டும். அப்பால மெதுவா எழுதிக்கும்."

"நடுவுல கரண்ட் போச்சின்னா?"

"யூபிஎஸ் பேட்டரி கீது. ரஷ் முடிஞ்சதும் நானே பழையபடி மாத்திடுறேன். என்ன நம்ப மாட்டியா?"

நம்பினாள். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். ராயபுரத்தில் ஒரே தெரு. அப்பா செத்தபோது சவப்பெட்டியின் ஒரு பக்கத்தைத் தோளில் தாங்கியவர். மாத்திட்டேன் என்று அவரே வந்து சொல்லவும் செய்தார்.

மாற்றவில்லை. யூபிஎஸ்ஸும் தாங்காததில், மெமரியில் இருந்த கிருஷ்ணப்பன் பெயர் டிஸ்க்கில் ஏறாமலே அழிந்திருந்தது. பக்கத்தில், அந்த செட்டிங்கைக் கடைசியாகத் தொட்டவர் பெயர்: மகிமா. அவள் லீவில் இருந்த நாளின் தேதி.

ரோஷனுக்கு அடித்தாள். பெட்டிகளை மூடி உள்ளே மருந்துப் புகை விடுகிறவன் அவன்தான்.

"விட்டுகினு கீறேன்கா. எல்லாம் காலின்னு காட்டுச்சே, கதவெல்லாம் மூடிட்டேன்."

"நிறுத்து. கிருஷ்ணப்பண்ணன் உள்ள கீறாரு."

"எதுல?"

அவள் திரையை மேலும் கீழும் தள்ளினாள். எல்லாம் பச்சை.

மழையில் ஓடும்போதே எபினேசரைக் கூப்பிட்டாள். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள். எப்போதும் போன்ற அதே கனிந்த குரலில் அவர் சொன்னார்.

"உன் லாகின்லதான் கீது. யார் கேட்டாலும் பாத்துப் பேசு தங்கச்சி."

போனைக் காதிலிருந்து எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. அவர் வைத்துவிட்டார்.

ரோஷன் மருந்து விடும் மோட்டாரை நிறுத்தியிருந்தான். துருவும் ஈரமும் நாறும் இருட்டுச் சந்தில், இரண்டு பக்கமும் ஒரே நிறப் பெட்டிகள். எல்லாம் மூடியவை. இரும்பின் மேல் மழை. அதற்கு அடியில் இன்னொரு சத்தம்.

தட். தட்.

பக்கத்துப் பெட்டி. கையை வைத்தாள். உள்ளிருந்து உள்ளங்கையில் அதிர்ந்தது.

"இதுதான்."

அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ரோஷன் முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டு கம்பியைத் தூக்கினான். கதவு முனகித் திறந்தது. டார்ச் வெளிச்சம் பின்சுவர் வரை போனது.

யாரும் இல்லை. தரை பெருக்கியிருந்தது.

தட். தட்.

அடுத்த பெட்டி. திறந்தான். அதுவும் காலி.

தட். தட். இப்போது எதிர்ப்பக்கம். பிறகு அதற்கும் அப்பால்.

ரோஷன் டார்ச்சைத் தாழ்த்தினான். "அக்கா," என்றான்.

மழை விட்டது. அப்போதுதான் முழுதாகக் கேட்டது. சந்தின் கடைசி வரை, மூடிய ஒவ்வொரு பெட்டிக்குள்ளும், உள்ளங்கை இரும்பில் மோதியது.

ஒரே தாளம். கிருஷ்ணப்பனின் ஒரே கை.