வலது பக்கம் கனத்த ரீங்காரம்

"சார்... ஹலோ! உங்களைத்தான்! தூங்கறதுக்கா வந்தீங்க?"

அவன் கண்ணைத் திறக்கவில்லை. 'ஒரு நிமிஷம்' என்பதுபோல் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினான். பீப் மேடத்துக்கு வந்ததே கோபம்!

பீப் மேடம் என்பது அந்தக் காது மருத்துவமனையில் எல்லோரும் அவளுக்கு வைத்திருந்த பெயர். சத்தம் நுழையாத சின்னக் கூண்டு அறைக்குள் நோயாளியை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து பீப்... பீப்... என்று ஒலி அனுப்புவாள். கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்டதையும் கேட்காததையும் புள்ளி வைத்துக் கோடு இழுத்து டாக்டருக்கு அனுப்புவாள். இரண்டு நாளாக ஏசி உறுமிய உறுமலில் தாழ்ந்த ஒலிகளெல்லாம் அமுங்கிப்போய், நல்ல காதுக்காரர்கள்கூட அவளுடைய தாளில் செவிடர்களாகிக்கொண்டிருந்தார்கள். அதைச் சரிசெய்ய வந்த மெக்கானிக்தான் இப்போது அவளுடைய கூண்டுக்குள், செல்போனைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு தவம் செய்துகொண்டிருக்கிறான்!

"முடிஞ்சுது மேடம்." கண்ணைத் திறந்தான்.

பெரிய கண்கள்... மழை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வானம் கறுத்து மினுங்குமே, அந்த மாதிரி... சே, திட்ட வந்த இடத்தில் கண்ணைப் பார்ப்பானேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"என்ன முடிஞ்சுது? ஏசி இன்னும் கத்திக்கிட்டுத்தானே இருக்கு?"

"ரிப்பேர் பண்ணிட்டா இந்தச் சத்தம் போயிடுமே. அதான் முதல்ல பதிவு பண்ணிக்கிட்டேன். ரெண்டு சத்தம் ஒண்ணோட ஒண்ணு உரசுது, கேளுங்க... வ்வாங்... வ்வாங்..."

"ஊர்ல எல்லாரும் பாட்டு கேப்பாங்க. நீங்க ஏசி கேப்பீங்களாக்கும்?"

"பாட்டு சீக்கிரம் முடிஞ்சுடுது மேடம். இது நாம போதும்னு சொல்றவரைக்கும் இருக்கும்."

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். முடியவில்லை.

அரை மணி நேரத்தில் உறுமல் நின்றது. அறை உண்மையிலேயே அமைதியாகிவிட்டதா என்று பார்க்க யாரையாவது உட்கார வைத்துச் சோதிக்க வேண்டும். "நீங்களே உக்காருங்க. உங்க வேலை லட்சணம் தெரிஞ்சிடும்" என்றாள் குறும்பாக.

இடது காது பிரமாதம். எறும்பு நடந்தாலும் கேட்கும் போலிருந்தது. வலது காதிலும் கீச்சென்ற ஒலிகள் எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று அழுத்தினான். தாழ்ந்த ஒலிகளுக்கு வந்தாள். பொத்தான் பேசவில்லை. கூட்டினாள். இல்லை. இன்னும் கூட்டினாள்... கண்ணாடி வழியே பக்கவாட்டில் பாதி முகம் தெரிந்தது. அடுத்த ஒலிக்காகச் சிரித்த முகத்தோடு காத்துக்கொண்டிருந்தான். அவள் அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

"என்ன மேடம், முகம் ஏன் இப்படிப் போச்சு? ஏசி மறுபடியும் மக்கர் பண்ணுதா?"

"இல்ல... உங்களுக்குச் சளி ஏதாவது இருக்கா?"

"ஒரு வாரமா மூக்கடைப்பு."

"அதனாலகூட இருக்கலாம். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, திரும்பப் பாப்போம். அப்பவும் இப்படியே இருந்தா அன்னிக்கே டாக்டரைப் பாத்துடணும். இதுல நாளைக் கடத்தக் கூடாது."

அந்த இரண்டு வாரத்தில் அவன் ஆறு தடவை வந்தான். ஃபில்டர் பார்க்கணும், குழாய் பார்க்கணும், பார்த்ததைச் சரியாகப் பார்த்தோமா என்று பார்க்கணும்... மருத்துவமனைக்கே விஷயம் புரிந்துவிட்டது. அவளுக்கு மட்டும் புரியாத மாதிரி இருந்தாள்.

கேன்டீனில் டீ ஆறிப்போகும். அவன் பேசிக்கொண்டே இருப்பான். ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு மைக், சுவரில் எதிரொலிக்காமல் இருக்கத் தொங்கவிட்ட நாலு போர்வை... இதுதான் அவன் வீட்டு ஸ்டுடியோ.

"ஒரு எவர்சில்வர் பாத்திரத்தைத் தட்டுங்க. 'டண்'ங்கிற அந்த முதல் அடியை வெட்டி எறிஞ்சுடணும். பின்னால இழுத்துக்கிட்டுப் போகுதே, அந்த வால்... அதுதான் நமக்கு வேணும். அதை நாலு மடங்கு மெதுவாக்கினா கிணத்துக்குள்ள போயிடும். அதையே ரெண்டாப் பிரதி எடுத்து, ஒண்ணோட சுருதியை மட்டும் ஒரு மயிரிழை இறக்கி, ரெண்டையும் சேத்து ஓடவிட்டா மூச்சு விட ஆரம்பிக்கும்."

"பாத்திரம் மூச்சு விடுமா?"

"விடும். ஒரு சத்தத்துக்கு ஏழு செகண்ட், இன்னொண்ணுக்குப் பதினோரு செகண்டுன்னு வேற வேற நீளத்துல சுத்தவிட்டா, அவ்வளவு சீக்கிரத்துல ஒரே மாதிரி திரும்ப வராது. கேக்கிறவங்களுக்கு அலுக்காது."

"பேசறவருக்கும் அலுக்காது போல."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு போனை நீட்டி, "ஒரே ஒரு 'ம்' சொல்லுங்களேன்" என்றான்.

"எதுக்கு?"

"சொல்லுங்க, தரமாட்டேன்னு சொல்லாதீங்க..."

"ம்..."

மறுநாள் அந்த ஒரு விநாடி 'ம்' நான்கு நிமிஷமாகி வந்தது. இறங்கி, விரிந்து, அறை முழுக்க நிறைந்து... தன் தொண்டைக்குள் இத்தனை துக்கம் இருந்ததா என்று அவளுக்கே தெரியாது. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

மறுசோதனை நாள் வந்தது. அன்றுதான் அவள் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தாள்.

கூண்டுக்குள் நாற்காலி பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும். சோதிப்பவரின் முகம் நோயாளிக்குத் தெரியவே கூடாது. அவள் படித்த முதல் பாடமே அதுதான். ஆனால் அன்று அந்தப் பாதி முகம் அவளுக்குப் போதவில்லை. முழுசாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், துடைக்கிற சாக்கில் நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டாள்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குனிந்து குனிந்து ஒலி அனுப்பினாள். ஒன்றுகூடத் தவறவில்லை! வலது காதின் தாழ்ந்த ஒலிகளுக்குக்கூட டக்... டக்... டக்... 'சளிதான், வெறும் சளிதான்' என்று மனசு துள்ளியது. 'குறையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

போன் செய்தால் எடுக்கவில்லை. 'வேலை அதிகம்' என்று எழுத்தில் மட்டும் பதில் வந்தது. பிறகு அதுவும் குறைந்தது. அவளுக்கும் ரோஷம் இல்லையா? காது நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் வேலை முடிந்தது போலிருக்கிறது... பெரிய இவன்! அவளும் எழுதுவதை நிறுத்தினாள். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். ஏசி பழுதாகாதா என்று தினமும் ஏங்கினாள். பாழாய்ப்போன ஏசி, அவன் கைப்பட்டது, பழுதாகவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தபோது அவனிடமிருந்து ஒரு பதிவு வந்தது. 'இதுதான் கடைசி. கேட்டுட்டு அழிச்சுடுங்க' என்று ஒரு வரி.

ஹெட்போனை மாட்டினாள். மெல்ல அவளுடைய அந்த 'ம்' எழுந்தது... அதோடு அந்த ஏசியின் உறுமல். இரண்டும் உரசி, விலகி, மறுபடி உரசி... ஆனால் என்ன இது? வலது பக்கம் ஏன் இப்படி அழுத்துகிறது? இடது பக்கம் எல்லாம் அளவாக இருக்க, வலது பக்கம் மட்டும் அடிச்சுருதி காதை அடைக்கிற அளவுக்குக் கனத்துக் கிடந்தது. ஹெட்போன்தான் கெட்டுவிட்டதோ என்று வேறொரு பாட்டைப் போட்டுப் பார்த்தாள். அது இரண்டு பக்கமும் சமமாகவே கேட்டது.

கெட்டது ஹெட்போன் இல்லை.

வேறு யாராவது கேட்டிருந்தால் ஏதோ புதுமை என்று விட்டிருப்பார்கள். இவளுக்கு அது எழுத்துப்போல் தெரிந்தது. தன் இரண்டு காதுக்கும் சமமாகக் கேட்க வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறான். வலது காதுக்குக் கேட்கவில்லை. கூட்டியிருக்கிறான். கேட்கவில்லை. இன்னும் கூட்டியிருக்கிறான்... அப்படியானால் அந்த டக் டக்? திருப்பிப் போட்ட நாற்காலி கண் முன்னால் வந்து நின்றது. ஐயோ என்று வாய்விட்டு அலறிவிட்டாள்.

குடையை விரித்ததும் தெரியவில்லை, பஸ் ஏறியதும் தெரியவில்லை. கேன்டீனில் அவன் சொன்ன அடையாளத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தாள். கதவைத் திறந்தது அவனுடைய அக்கா.

"நீதானா அந்த பீப் மேடம்? உள்ளதான் இருக்கான். வலது காதை இந்தப் பக்கம் காட்டி உக்காந்திருக்கான், கூப்பிட்டா விழாதும்மா, போய்த் தோளைத் தொடு" என்றாள். ஏற்கெனவே அழுது முடித்த குரல் அது.

போர்வைகள் தொங்கிய அறையில் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"பொத்தானை எப்படி அழுத்தினீங்க?" என்றாள். வேறு எதுவும் கேட்க வரவில்லை.

"நீங்க ஒவ்வொரு தடவை சத்தம் அனுப்பும்போதும் இமையைத் தாழ்த்துவீங்க. அதைப் பாத்துத்தான்..."

"ஏன்? ஏன் அப்படிப் பண்ணீங்க?"

"முதல் தடவை ஹெட்போனைக் கழட்டினப்போ உங்க முகம் போன போக்கு இருக்கே... அதை இன்னொரு தடவை பாக்க எனக்குத் தெம்பில்ல. அதோட, இது எங்க வீட்டு வியாதிங்க. அப்பாவுக்கும் வலதுலதான் ஆரம்பிச்சுது. மூணு வருஷத்துல இடதும் போச்சு. அம்மா இருபது வருஷம் கத்திக் கத்தியே பேசினாங்க. சாப்பிட வாங்கன்னா கத்தணும். கோபமில்லன்னு சொல்றதுக்கும் கத்தணும். கடைசியில ஓய்ஞ்சுபோய்ப் பேச்சையே விட்டுட்டாங்க. உங்க 'ம்' இருக்கு பாருங்க... அது அப்படி ஆயிடக் கூடாது."

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"போன மாசம் பாத்தேன். அப்பவே வந்திருந்தா மருந்து குடுத்துக் கொஞ்சம் நிறுத்திப் பாத்திருக்கலாமாம். இனிமே வலது அவ்வளவுதான்."

அவள் அவன் நாற்காலிக்கு வலது பக்கத்தில் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நாற்காலியைத் திருப்பினது நான். உங்க முகத்தைப் பாக்கற ஆசையில உங்க காதையே தொலைச்சுட்டேன்..."

"அழுத்தினது நான். உங்க மேல தப்பில்ல. நீங்க கிளம்புங்க. பாவம் பாத்து இங்க யாரும் இருக்க வேண்டாம்."

கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. தலையைக் குனிந்துகொண்டு கொட்டித் தீர்த்தாள். பாவம் பார்த்து வரவில்லை என்றாள். தப்பைக் கழுவ வரவில்லை என்றாள். மூன்று மாதமாகச் சோறு இறங்கவில்லை, கூண்டுக்குள் யார் உட்கார்ந்தாலும் உங்கள் முகம்தான் தெரிகிறது, உங்களைப் பிடித்திருக்கிறது, எனக்கு நீங்கள் வேண்டும், நான் கத்த மாட்டேன், முகத்தைப் பார்த்தே படிக்கத் தெரிந்தவருக்கு எதற்குக் கத்த வேண்டும் என்றாள். எல்லாவற்றையும் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மழைச் சத்தத்துக்கு நடுவே முணுமுணுப்பாகச் சொன்னாள்.

முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். புரிந்ததுபோல் தலையாட்டி அனுப்பிவிட அவனுக்குத் தெரியும். மூன்று மாதமாக, வலது பக்கம் நின்று யார் பேசினாலும், அக்காவிடமும், வேலைக்குப் போன வீடுகளிலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். தலை லேசாக அசையக்கூடத் தொடங்கியது. பிறகு நின்றுவிட்டது. அந்தப் பெரிய கண்கள் நிரம்பி வழிந்தன.

"எனக்கு... எனக்கு அந்தப் பக்கம் காது கேக்காது" என்றான். 'கேக்காது' என்ற அந்த வார்த்தையை இதுவரை யாரிடமும் அவன் சொன்னதில்லை. "நீ சொன்னது ஒண்ணுமே விழல. இந்தப் பக்கம் வந்து சொல்றியா?"

அவள் எழுந்தாள். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு அவனுடைய இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.