காமிலோ பேசிய டிஸ்க்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மெக்ஸிகோ நகரத்தின் போர்த்தாலெஸ் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடிக்கு மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தாள் ஒதிலியா. லிஃப்ட் கிடையாது. ஒரு கையில் இனிப்பு ரொட்டிப் பை, இன்னொரு கையில் போன். படிக்கு ஒரு திட்டு வீதம் அந்தப் படக் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே ஏறினாள்.

திட்டாமல் என்ன செய்வாள்? அவள் புருஷன் காமிலோ முப்பது வருஷம் வெளிநாட்டுப் படங்களுக்கு ஸ்பானிஷ் டப்பிங் பேசியவர். போலீஸ்காரன், ஹோட்டல் சர்வர், மூன்றாவது சிப்பாய் என்று துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. ஒரே ஒரு கப்பல் படத்தில் மட்டும் கதாநாயகனான கேப்டனுக்குப் படம் முழுக்க அவர் குரல். மூன்று வருஷத்துக்கு முன் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒதிலியா, போனில் படம் காட்டுகிற கம்பெனியில் 'வாங்கு' என்ற பொத்தானை அமுக்கி அந்தப் படத்தை வாங்கி வைத்து, வாராவாரம் கேட்டுக்கொண்டிருந்தாள். போன வாரம் கேப்டன் வாயைத் திறந்தான், யாரோ ஒரு பொடியன் குரல் வந்தது.

கம்பெனிக்கு ஐந்து தடவை போன் போட்டாள்.

"ஒலி மேம்படுத்தப்பட்டிருக்கு மேடம். இப்ப இன்னும் தெளிவா கேக்கும்."

"தெளிவா இருந்து நான் என்னத்தப் பண்ண? அது என் புருஷன் குரல்ப்பா!"

"வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

பழைய டப்பிங் பைத்தியங்கள் கூடும் ஒரு இணையக் குழுவில் விசாரித்ததில்தான் எவெலியோ பெயர் கிடைத்தது. தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை, பழைய படங்களின் டிஸ்குகளைச் சேர்த்து வைப்பவர். நாலாவது மாடியில் அவர் கதவைத் திறந்ததும் பழைய பிளாஸ்டிக்கும் ஈர அட்டையும் கலந்த வாடை அவள் முகத்தில் அடித்தது. தரையிலிருந்து கூரை வரை டிஸ்குகள். பட்டப்பகலிலும் ஜன்னல்களை எல்லாம் கனத்த திரை போட்டு மூடியிருந்தார்.

"சீக்கிரம் உள்ள வாங்க. வெயில் பட்டா டிஸ்குக்கு ஆகாது."

"மனுஷனுக்கு இருட்டு ஆகுமாக்கும்?"

"மனுஷன்னு இங்க நான் ஒருத்தன்தான்" என்றார் எவெலியோ.

அவள் தன் கதையைக் கொட்டினாள். "வாங்குன்னுதானே சார் போட்டிருந்தான்!"

"போடுவான். அவன் குடுத்தது படம் இல்லம்மா, பார்க்கறதுக்கு அனுமதி. நாளைக்கே மாத்துவான், இல்ல தூக்கிடுவான். என் அலமாரில இருக்கறத எவன் வந்து தொட முடியும்?"

பெருமையாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் அந்தக் கப்பல் படத்தை எடுக்கும்போது முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டார். விரல் நுனியால் பிடித்துத்தான் பிளேயரில் போட்டார்.

"கேட்டுட்டு, கையோட எடுத்துட்டுப் போயிடுங்க. பிளேயரையும் சேர்த்து. எனக்கு ஒண்ணும் தர வேணாம்."

"ஏன் சார், கீறல் ஏதும் விழுந்திருக்கா?"

"கீறல் இல்ல."

படம் ஓடியது. கேப்டன் கப்பலின் மேல்தளத்துக்கு வந்து வாயைத் திறந்தான். கொஞ்சம் கரகரத்த, அடித்தொண்டைக் குரல். ஒதிலியாவுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. ஊரே கேட்ட குரல்தான், வீட்டில் அவள் அதிகம் கேட்டதில்லை. தொண்டையைக் காப்பாற்றணும் என்று வீட்டில் வாயே திறக்க மாட்டார் மனுஷன். குழம்பில் உப்பு கம்மி என்றால்கூடச் சீட்டில் எழுதித்தான் நீட்டுவார். செத்த பிறகாவது கேட்கலாம் என்று பார்த்தால் அதற்கும் ஒருத்தன் கத்திரி போட்டுவிட்டானே என்று வயிறு எரிந்தது.

கேப்டன் திரும்பி நின்று கடலைப் பார்த்தான். இனி அவன் முதுகு மட்டும்தான் தெரியும். அந்த இடத்தில் வசனம் கிடையாது, வெறும் காற்றுச் சத்தம்தான். ஒதிலியாவுக்குப் படம் மனப்பாடம்.

காற்று நின்றது.

"ஒதிலியா."

ரொட்டிப் பை அவள் மடியிலிருந்து நழுவியது.

டப்பிங்காரர்கள் வேலை அவளுக்குத் தெரியும். வாய் தெரியும் இடத்தில் உதட்டசைவுக்குக் கட்டுப்பட்டுத்தான் பேச முடியும். முதுகு காட்டி நிற்கிற இடத்தில் என்ன வேண்டுமானாலும் நுழைக்கலாம், யாரும் கண்டுபிடிக்க முடியாது. காமிலோவே அதை ஒருநாள் சீட்டில் எழுதிக் காட்டியிருக்கிறார்.

"ஆறு மாசமா இதே இடத்துல 'அவ எங்கே, அவ எங்கே'ன்னு கேட்டுக்கிட்டிருந்தார்" என்று எவெலியோ கிசுகிசுத்தார். "பேர் சொன்னது இன்னிக்குத்தான்."

ஒதிலியாவுக்குப் பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

"முப்பது வருஷம் சீட்டு நீட்டிட்டு, இப்பத்தான் வாய் திறக்குதாக்கும்!"

கேப்டன் இன்னும் திரும்பவில்லை.

"உன்கூட வர்றேன்."

பிறகு காற்றுச் சத்தம் பழையபடி கேட்டது. கேப்டன் திரும்பினான். அவன் வாய் மூடியிருந்தது.

அவள் டிஸ்கையும் பிளேயரையும் மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். இனி எந்தக் கம்பெனிக்காரனும் இதில் கை வைக்க முடியாது என்பது மட்டும்தான் மனசில் இருந்தது. மேலே எவெலியோ கதவைப் படாரென்று சாத்தித் தாழ் போடும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை காப்பியைக்கூடக் குடிக்காமல் படத்தைப் போட்டாள். அலை கேட்டது. மாலுமிகள் பேசினார்கள். கேப்டன் வாயைத் திறந்தான், மூடினான், திறந்தான். குரல் வரவில்லை. ஒலியை முழுக்கக் கூட்டினாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டினார்கள். டிஸ்கை ஊதி, ரவிக்கைத் துணியால் துடைத்து மறுபடியும் போட்டாள். முதுகு காட்டுகிற இடத்தில் வெறும் காற்றுதான் அடித்தது.

"போச்சு, இதுவும் போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

டிஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு எவெலியோவை ஒரு கை பார்க்கக் கிளம்பினாள். வழியில் சோள ரொட்டிக் கடை வரிசையில் நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஆள், "நல்லா இருக்கேன் ஐயா, நீங்க எப்படி?" என்றான். போனில் பேசுகிறானாக்கும் என்று திரும்பினாள். அவன் கையில் போன் இல்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிவிட்டது. ரொட்டி வாங்காமலே வரிசையை விட்டு நடந்தான்.

எவெலியோ சங்கிலியை எடுக்காமல் கதவை ஒரு சாண் மட்டும் திறந்தார்.

"நல்லா ஏமாத்திட்டீங்களே சார்! இதுல அவர் குரலே இல்ல."

"எப்படி இருக்கும்? நேத்துப் படியிறங்கும்போது நீங்க ஒண்ணு சொன்னீங்களே."

"நான் வாயே திறக்கலையே."

"உங்க முதுகுதான் எனக்குத் தெரிஞ்சுது. 'நன்றி எவெலியோ, வர்றேன்'னு கேட்டுது." குரலைத் தாழ்த்தினார். "ஆம்பள குரல்."

ஒதிலியா தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. வரிசையில் நின்றவன் யாருக்குப் பதில் சொன்னான் என்பது இப்போதுதான் புரிந்தது.

"அப்ப எல்லாருக்கும் கேக்குது. எனக்கு மட்டும் கேக்கல."

எவெலியோ கதவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைவிட அந்த ரொட்டிக் கடை வரிசையில நின்னவன் உசத்தியாப் போயிட்டானா?" அவள் குரல் உடைந்தது. "வாழ்ந்தப்பவும் இதே கதை, செத்தும் இதே கதையா?"

சட்டென்று அவருக்கு முதுகைக் காட்டி, வராந்தாச் சுவரைப் பார்த்து நின்றாள். பெயர்ந்த சுண்ணாம்பு நெற்றியில் ஒட்டியது.

"சார், நான் வாயைத் திறக்கப் போறதில்ல. கேட்டு எனக்குச் சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம."

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

கீழே தெருவில் காஸ் விற்கிறவன் கூவிக்கொண்டு போனான். அந்தச் சத்தமும் தேய்ந்தது. அவள் காதுக்கு வேறு எதுவும் வரவில்லை.

பின்னால் கதவுச் சங்கிலி லேசாக ஆடியது.

"ம்" என்றார் எவெலியோ.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "ம்... ம்..."

நீளமாகப் பேசுகிற ஒருவருக்கு அப்படித்தான் உம் கொட்டுவார்கள். அதற்கு மேல் ஒதிலியாவால் பொறுக்க முடியவில்லை.

"என்ன சார் சொல்றார்?"

மறுபடியும் ஒரு "ம்" மட்டும்தான்.

"சார், உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். என்ன சொல்றார்?"

எவெலியோ கடைசியில் பேசினார். மிக மெதுவாக, மரியாதையாகப் பேசினார். அவளிடம் இல்லை.

"சரி காமிலோ. அவங்ககிட்ட சொல்ல மாட்டேன்."